ஆர்ச்சிம்போல்தோவின் தலைச்சித்திரங்களைப் பார்ப்பது எப்படி: கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காய்கறியால் ஆன முகம் என்று ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய ஓவியங்கள் இவை. அப்படிச் சொல்ல முடிவதே ஜுசெப்பே ஆர்ச்சிம்போல்தோவுக்குப் பாதகமாகிவிட்டது. மூக்கு பேரிக்காய், கன்னம் பீச் பழம் என்று அடையாளம் கண்டதும் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டதாக நினைத்து அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு படத்துக்கும் பத்து நிமிடமாவது தேவை. எங்கே நிற்பது, எதை முதலில் பார்ப்பது, எந்தப் படத்தை எதனோடு சேர்த்துப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால் அந்தப் பத்து நிமிடமும் வீண்போகாது.

1. போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய அளவு

வாழ்க்கை வரலாறு முழுவதையும் படித்துவிட்டுப் போகத் தேவையில்லை. ஓவியர் மிலானில் பிறந்தவர். தந்தை பியாஜோவும் ஓவியர்தான்; இருவரும் மிலான் பேராலயத்துக்காக வேலை செய்தார்கள். ஜுசெப்பேயின் ஆரம்பகால வேலைகளில் கண்ணாடிச் சாளரங்களுக்கான வரைபடங்களும், கோமோ பேராலயத்துத் திரைச்சீலைக்கான வரைபடமும் அடங்கும். 1562-ல், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் அரசவைக்குப் போனார். முதலாம் ஃபெர்டினாண்ட், இரண்டாம் மாக்சிமிலியன், இரண்டாம் ருடால்ஃப் என மூன்று பேரரசர்களிடம் வியன்னாவிலும் பிராகாவிலும் பணியாற்றினார். 1587-ல் ஊர் திரும்பி, 1593-ல் மிலானிலேயே இறந்தார்.

ஹாப்ஸ்பர்க் அரசவையில் அவர் ஓவியம் மட்டும் தீட்டவில்லை. அரண்மனை விழாக்களுக்கும் ஊர்வலங்களுக்கும் உடைகள், குதிரை அலங்காரங்கள், பனிச்சறுக்கு வண்டிகள் வரை வடிவமைத்தார். 1585-ல் ருடால்ஃபுக்குக் காணிக்கையாக்கிய 148 வரைபடங்கள் இன்று ஃபுளோரன்ஸில் உஃபிட்ஸி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரசவையின் கண்ணுக்கு விருந்து வைப்பதே தொழிலாக இருந்தவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், தலைச்சித்திரங்களில் இத்தனை விஷயங்கள் ஏன் ஒளிந்திருக்கின்றன என்பது புரியும்.

இன்னொரு தயாரிப்பு வீட்டுச் சமையலறையில் நடக்கவேண்டியது. பெரிய தட்டு ஒன்றில் கறுப்புத் துணி விரித்து ஒரு முகத்தை அடுக்கிப் பாருங்கள். கன்னத்துக்கு ஓர் ஆப்பிள், மூக்குக்கு நீளமான கத்தரிக்காய், கண்ணுக்கு ஒரு திராட்சை, உதட்டுக்கு இரண்டு மிளகாய், முடிக்கு ஒரு கட்டு கொத்தமல்லி போதும். ஒரே ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். முதல் முயற்சியில் அநேகமாக முகம் வராது, காய்கறிக் குவியல்தான் தெரியும். பொருள்களுக்கு நடுவே நிழல் விழ இடம் விடாததுதான் காரணம். கண்ணைக் கண்ணாக்குவது திராட்சையல்ல, அதைச் சுற்றியுள்ள இருள். வியன்னாவில் உள்ள ‘கோடை’ ஓவியத்தில் அந்த இருளுக்கும் அதை அணைத்து நிற்கும் சிறு பழங்களுக்கும் நடுவில் ஒரு செர்ரி பளபளக்கிறது. தட்டில் ஒருமுறை தோற்றுவிட்டுப் போனால் அந்தச் செர்ரியின் முன்னால் நீங்களாகவே நின்றுவிடுவீர்கள்.

2. எந்தப் படம் எங்கே இருக்கிறது

ஒரே கூரையின் கீழ் இவருடைய எல்லா முக்கியப் படங்களையும் பார்க்க முடியாது. 1987-ல் வெனிஸின் பலாட்ஸோ கிராஸியிலும், 2007-08-ல் பாரிஸிலும் வியன்னாவிலும், 2010-11-ல் வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டிலும், அதைத் தொடர்ந்து மிலானிலும் பெரிய கண்காட்சிகள் நடந்தன. வாஷிங்டனில் கூடியவை வெறும் 16 ஓவியங்கள். இவ்வளவு குறைவாக வருவதற்குக் காரணம் மரம். முக்கியமான பல படங்கள் மரப்பலகைமேல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவை. காற்றின் ஈரப்பதம் மாறும்போது பலகை இழைக்குக் குறுக்காக விரிந்து சுருங்கும். வண்ணப்படலம் அந்த அளவுக்கு நெகிழாது, அதனால் வெடிக்கும் அல்லது செதிலாகக் கிளம்பும். அதனால் இவற்றை இரவல் கொடுக்க அருங்காட்சியகங்கள் லேசில் சம்மதிப்பதில்லை.

நிரந்தரமாக இருக்கும் இடங்கள் இவை:

வியன்னா, குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் அருங்காட்சியகம்: 1563-ன் ‘கோடை’, ‘குளிர்காலம்’, 1566-ன் ‘நெருப்பு’, ‘நீர்’. ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இங்கே போங்கள். வருடத்தின் பெரும்பாலான மாதங்களில் திங்கள் விடுமுறை. வியாழக்கிழமை இரவு 9 வரை திறந்திருக்கும். சுற்றுலாக் கூட்டம் கலைந்த அந்த மாலை நேரம்தான் உத்தமம்.

பாரிஸ், லூவ்ர்: 1573-ல் தீட்டிய நான்கு பருவங்களும் முழுத் தொகுப்பாக. செவ்வாய் விடுமுறை.

மாட்ரிட், சான் ஃபெர்னாண்டோ கலைக்கழகம்: 1563-ன் ‘வசந்தம்’. அதே தொகுப்பின் ‘இலையுதிர்காலம்’ தொலைந்துபோயிற்று.

சுவீடன்: ஸ்கோக்ளோஸ்டர் கோட்டையில் ‘வெர்தும்னுஸ்’, ‘நூலகர்’, ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் ‘சட்ட அறிஞர்’, ‘சமையல்காரர்’. இத்தாலியர் ஒருவர் ஹாப்ஸ்பர்க் அரசவைக்காகத் தீட்டியவை இங்கே வந்து சேர்ந்ததற்கு, 1648-ல் சுவீடன் படை பிராகாவைச் சூறையாடியது ஒரு முக்கியக் காரணம்.

கிரெமோனா, ஆலா பொன்ட்ஸோனே அருங்காட்சியகம்: ‘காய்கறித் தோட்டக்காரர்’.

வாஷிங்டன், நேஷனல் கேலரி: ‘ஒரே தலையில் நான்கு பருவங்கள்’.

கிளம்பும் முன் அந்தந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படம் இப்போது சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் படங்களைக் கேட்காத கண்காட்சி அமைப்பாளர்கள் குறைவு. அத்தனை தூரம் போய், ‘இரவலில் உள்ளது’ என்ற சீட்டை மட்டும் பார்த்துத் திரும்புவது நடக்கிற விஷயம்தான்.

3. மூன்று தூரங்கள்

எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் அடிப்படைப் பயிற்சி இது. வியன்னாப் படங்கள் ஏறத்தாழ 67 செ.மீ. உயரம், 51 செ.மீ. அகலம். லூவ்ர் படங்கள் சற்றுப் பெரியவை, சுமார் 76-க்கு 64 செ.மீ. இந்த அளவுகளை வைத்துத்தான் கீழே உள்ள தூரங்களைச் சொல்கிறோம்.

முதலில் 4 மீட்டர். இங்கிருந்து பொருள்கள் தெரியக்கூடாது, ஆள்தான் தெரியவேண்டும். வயது என்ன, சிரிக்கிறாரா, கடுகடுக்கிறாரா, ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் போதும். கூட்டமாக இருந்தால் கண்களைப் பாதி மூடிப் பாருங்கள், நுணுக்கம் மங்கி உருவம் எழும்.

அடுத்தது ஒன்றரை மீட்டர். இங்கேதான் வித்தை நடக்கிறது: முகம் இன்னும் உடையவில்லை, பழங்களும் தெரியத் தொடங்கிவிட்டன. கண் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். ஒன்றைப் பிடிக்கும்போது மற்றது நழுவும். நேரமெல்லாம் இங்கேயே செலவாகட்டும். பெரும்பாலானவர்கள் நேராக அருகில் போய் மூக்கு, காது என்று எண்ணத் தொடங்கி இந்த இடத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக அரை மீட்டர், அல்லது தடுப்புக் கயிறு அனுமதிக்கும் வரை. சில அரங்குகளில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் எச்சரிக்கை மணி அடித்துவிடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து குனியாமல் நிற்பது நல்லது. அருகில் குவியக்கூடிய சிறு ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்று இருந்தால் கயிற்றுக்கு வெளியே நின்றே பீச் பழத்தின் மெல்லிய மயிரைப் பார்க்கலாம். வாங்கும்போது எவ்வளவு தூரத்திலிருந்து குவியும் என்று கேளுங்கள். பறவை பார்ப்பதற்கான சாதாரணத் தொலைநோக்கிகளில் பல, 2 மீட்டருக்குள் குவியாது.

வார்னிஷ் பூசிய பலகையில் விளக்கு பிரதிபலித்து வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் ஓரடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகருங்கள். பின்னணி கறுப்பாக இருப்பதால் இந்தப் படங்களில் அந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். எண்ணெய் ஓவியங்களுக்குப் பொதுவாக 150 முதல் 200 லக்ஸ் வரை வெளிச்சம் தருவார்கள். தாளில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸ்தான். ஓவிய அரங்கிலிருந்து வரைபட அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் மங்கலாகத் தெரிவது அதனால்தான். கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். முதல் வரைபடத்தைக் கடைசியில் மறுபடி வந்து பாருங்கள்.

4. ஒரு முகத்தைப் படிப்பது: ‘கோடை’

தொடங்குவதற்கு ‘கோடை’யைவிட நல்ல படம் இல்லை. கன்னத்தில் பீச், கண்ணில் செர்ரி, சிரிக்கும் வாயில் பல்வரிசையாகத் திறந்த பட்டாணிக்காய், காதில் மக்காச்சோளக் கதிர். உடை முழுவதும் பின்னிய கோதுமைத் தாள், மார்பில் ஓர் ஆர்ட்டிசோக். இவற்றைக் கண்டுபிடித்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்.

இது எந்தப் பருவத்துப் பொருள்? ஆர்ச்சிம்போல்தோ இதில் கறாரானவர். கோடையின் முகத்தில் கோடையில் கிடைப்பதுதான் இருக்கும். ‘குளிர்காலம்’ வெட்டுப்பட்ட கிழட்டு மரக்கட்டையாக, உதட்டுக்குக் காளானும் தலைக்கு ஐவிக் கொடியுமாக இருக்கிறது. அதன் மார்பில் மட்டும் ஓர் எலுமிச்சையும் ஆரஞ்சும் பளிச்சென்று தொங்குகின்றன. முதல் பார்வைக்கு ஒட்டாததுபோல இருக்கும். ஆனால் இத்தாலியில் அந்த மரங்கள் காய்ப்பது குளிரில்தான்.

இந்தப் பொருள் அப்போது எவ்வளவு அரிது? மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து அப்போது நூறாண்டுகூட ஆகவில்லை. இன்று வண்டியில் சுட்டு விற்கும் கதிரை நாம் அங்கே பார்க்கிறோம். 1563-ல் அரசவையில் நின்றவர்கள் பார்த்தது புதிய உலகத்திலிருந்து வந்த ஒரு விசித்திரத்தை. ஹாப்ஸ்பர்க் அரசர்கள் செடிகளையும் விலங்குகளையும் சேகரிப்பதில் பித்துக் கொண்டவர்கள். தோட்டமும் மிருகக்காட்சிசாலையும் ஓவியரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவர் உயிரினங்களைத் தனித்தனியாகப் பார்த்து வரைந்த ஆய்வுப் படங்கள் பொலோனாவிலிருந்த இயற்கை ஆய்வாளர் உலிஸ்ஸே அல்த்ரோவாந்தி வரைக்கும் போயின. ஆக, பேரிக்காய் போல ஏதோ ஒன்றை அவர் வரையவில்லை, ஒரு பேரிக்காயை வரைந்தார்.

மூன்றாவது கேள்வி, இதை ஏன் இந்த உறுப்புக்கு வைத்தார் என்பது. உருவ ஒற்றுமை ஒரு காரணம்தான். பூண்டின் வெளுப்பு, பழத்தோலின் சிவப்பு, பீச்சின் மெல்லிய மயிர் எல்லாம் மனிதத் தோலின் தன்மைகள். ‘வசந்தம்’ படத்தில் சுமார் 80 வகைப் பூக்கள் இருந்தும் கன்னம் இளம்பெண்ணின் கன்னமாகவே தெரிவதற்கு நிறங்களைப் படிப்படியாக மாற்றியதுதான் காரணம். இதழ்கள் ஒளி விழும் பக்கம் வெளிர்கின்றன, தாடைக்குக் கீழே கறுக்கின்றன.

கையொப்பத்தையும் தேடுங்கள். ‘கோடை’யின் கழுத்துப்பட்டையில் கோதுமைப் பின்னலாகவே அவர் பெயர் இருக்கிறது, தோளில் 1563 என்ற ஆண்டு. 1.5 மீட்டரில் நெசவு மாதிரியாகத் தெரிவது, நெருங்கினால் எழுத்தாகும்.

5. தனியாகப் பார்க்காதீர்கள், ஜோடியாகப் பாருங்கள்

கண்காட்சியில் அதிகம் தவறிப்போவது இதுதான். பருவங்களும் பூதங்களும் தனித்தனித் தொகுப்புகளாகத் தோன்றினாலும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்கும்படி அமைந்தவை. வசந்தத்துக்குக் காற்று, கோடைக்கு நெருப்பு, இலையுதிர்காலத்துக்கு நிலம், குளிர்காலத்துக்கு நீர். வெப்பமும் வறட்சியும் கோடைக்கும் நெருப்புக்கும் பொது. குளிர்ச்சியும் ஈரமும் குளிர்காலத்துக்கும் நீருக்கும் பொது. அரிஸ்டாட்டில் காலத்துக் கணக்கு அது. 1569 புத்தாண்டில் இவை மாக்சிமிலியனுக்கு அளிக்கப்பட்டபோது ஜோவான்னி பத்திஸ்தா ஃபொன்தேயோ என்ற கவிஞரின் விளக்கக் கவிதையும் கூடவே இருந்தது. பருவங்களும் பூதங்களும் இணங்கி நிற்பதுபோல உலகம் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் கீழ் இணங்கி நிற்கும், காலம் சுழன்று வருவதுபோல அந்த ஆட்சியும் நிலைக்கும் என்பதுதான் செய்தி. அரசியல் புகழுரை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு அவரைக்காயைக்கூட அலட்சியமாக வைக்காத ஒழுங்கு அதிலிருந்துதான் வருகிறது.

வியன்னாவில் இரண்டு ஜோடிகள் முழுமையாக இருக்கின்றன. ‘கோடை’யின் முன் ஐந்து நிமிடம், ‘நெருப்பு’ முன் ஐந்து நிமிடம், பிறகு இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள்.

‘நெருப்பு’ படத்தில் முடி எரியும் கொள்ளி, நெற்றி சுருட்டிய திரி, உடம்பு பீரங்கியும் கைத்துப்பாக்கிகளும். அந்தக் காலத்தில் ஆஸ்திரியா துருக்கியரோடு போரில் இருந்தது. மார்பில் கிடக்கும் சங்கிலியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அது பொன்கம்பளி வீரர் குழுவின் மாலை. ஹாப்ஸ்பர்க் அரசர்கள் அணிந்தது. அதன் கண்ணிகளே தீத்தட்டும் இரும்பும் சக்கிமுக்கிக் கல்லும்தான். அதை ஓவியர் கற்பனை செய்யவில்லை, உண்மையான மாலையே அப்படித்தான் இருக்கும். நெருப்பின் கழுத்தில் அதைப் போட்டால் நகையாகவும் பொருந்துகிறது, நெருப்பின் உறுப்பாகவும் பொருந்துகிறது. இவருடைய படங்களிலேயே மிகக் கூர்மையான இடம் அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

‘நீர்’ படத்தில் 60-க்கு மேற்பட்ட நீர்வாழ் உயிர்கள். கன்னத்தில் திருக்கை, மார்பில் கவசம்போல நண்டும் ஆமையும், தலையில் பவளம், கழுத்தில் முத்துமாலை. இங்கே அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒவ்வொரு உயிரும் தன் இடத்துக்குத் தேவையான அளவில் வருகிறது. மீன்களின் ஈரப் பளபளப்புக்கும் முத்தின் பளபளப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். முத்து ஒன்றுதான் அங்கே உயிரில்லாமல் மினுங்குகிறது.

‘நிலம்’ தனியார் சேகரிப்பில் உள்ளது, இரவலாக வந்திருந்தால் விடாதீர்கள். விலங்குகளால் ஆன அந்தத் தலையில் ஒரு யானையும் உண்டு. 1552-ல் மாக்சிமிலியன் வியன்னாவுக்குள் ஒரு யானையோடு நுழைந்தார், ஊரே திரண்டு பார்த்தது.

லூவ்ர் தொகுப்பு மாக்சிமிலியன் சாக்சனியை ஆண்ட பிரபு ஆகுஸ்துக்குப் பரிசளிக்கச் செய்வித்தது. அதனால் ‘குளிர்காலம்’ போர்த்தியிருக்கும் பாயில் சாக்சனியின் குறுக்குவாள் சின்னம் இருக்கிறது. வியன்னாவிலுள்ள முந்தைய ‘குளிர்காலம்’ பாயிலோ மாக்சிமிலியனைக் குறிக்கும் ‘எம்’ என்ற எழுத்தும் கிரீடமும். இரண்டையும் கைப்பேசியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். லூவ்ர் படங்களைச் சுற்றியுள்ள பூமாலை விளிம்பு பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. அதைக் கண்ணால் மறைத்துப் பார்த்தால் தலைகள் இன்னும் கனமாகும். தொகுப்பில் ‘இலையுதிர்காலம்’ தனிக் கவனத்துக்கு உரியது: மூக்கு பேரிக்காய், தாடை மாதுளை, காது காளான், அதில் தொங்கும் கடுக்கன் பழுத்து வெடித்த அத்திப்பழம், உடம்பு கட்டு தளர்ந்த மரத்தொட்டி.

6. தலைகீழ்ப் படங்கள்

‘காய்கறித் தோட்டக்காரர்’ கிண்ணத்தில் குவித்த கிழங்கும் வெங்காயமும்; புரட்டினால் கிண்ணம் தொப்பியாகி, வெங்காயம் உப்பிய கன்னமாகும். ‘சமையல்காரர்’ மூடி திறந்த தட்டில் வறுத்த இறைச்சி. புரட்டினால் தட்டே தொப்பி. ‘தோட்டக்காரர்’ சுமார் 36-க்கு 24 செ.மீ.தான், ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரியது.

தலையைக் குனிந்து கால்வழியாகப் பார்க்க வேண்டாம்; கழுத்து வலிக்கும், மூளையும் ஏமாறாது. கைப்பேசியில் படமெடுத்துப் புரட்டுவதுதான் எளிது. ஒரு சிக்கல்: கைப்பேசியைத் திருப்பினால் படமும் தானாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். திரை சுழற்சியைப் பூட்டிவிட்டுத் திருப்புங்கள். ஃபிளாஷ் கூடாது.

படத்துக்குக் கீழே கிடையாகக் கண்ணாடி வைத்திருந்தால் அதிலும் பார்க்கலாம். ஆனால் கண்ணாடி மேல்-கீழை மட்டும்தான் மாற்றும். படத்தைக் கையால் சுழற்றினால் இடம்-வலமும் மாறும். அதனால் கண்ணாடியில் தெரியும் தோட்டக்காரரும் கைப்பேசியில் தெரியும் தோட்டக்காரரும் எதிரெதிர்ப் பக்கம் பார்ப்பார்கள். ஓவியர் நினைத்தது கைப்பேசியில் சுழற்றியதைத்தான்.

முதலில் எந்த நிலையில் பார்க்கிறோம் என்பது முக்கியம். முகத்தைப் பார்த்துவிட்டால் கிண்ணத்தை மறுபடி வெறும் கிண்ணமாகப் பார்ப்பது மிகக் கடினம். குழந்தைகளோடு போனால் விடையைச் சொல்லாமல் கிண்ணத்தின் முன் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். என்னென்ன காய் இருக்கிறது என்று எண்ணச் சொல்லிவிட்டுப் பிறகு புரட்டிக் காட்டுங்கள்.

7. நகல்களைத் தெரிந்துகொள்வது

இவர் பாணியில் தீட்டப்பட்ட படங்கள் ஏராளம். குறிப்புச் சீட்டில் ‘ஆர்ச்சிம்போல்தோ’ என்று மட்டும் இருக்கிறதா, ‘பட்டறை’, ‘பின்பற்றியவர்’, ‘என்று கருதப்படுகிறது’ போன்ற சொல் கூட இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். பிறகு கண்ணால் சோதியுங்கள். பின்பற்றியவர்களின் படங்களில் பழங்கள் முகத்தின்மேல் ஒட்டவைத்ததுபோல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வெளிச்சம் அடிக்கும். இலையைப் பார்த்துச் செடியைச் சொல்ல முடியாது. வசந்தத்துப் பூவும் இலையுதிர்காலத்துப் பழமும் காரணமில்லாமல் கலந்திருக்கும்.

கலந்திருப்பதே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1590-91-ல் மிலானிலிருந்து பிராகாவுக்கு அனுப்பிய ‘வெர்தும்னுஸ்’ படத்தில் எல்லாப் பருவங்களும் வேண்டுமென்றே கூடியிருக்கின்றன. வெர்தும்னுஸ் பருவமாற்றத்தின் ரோமானியத் தெய்வம். அந்த முகமோ ருடால்ஃபின் முகம். இந்தப் படத்தின் முன் போகும் முன் ருடால்ஃபின் சாதாரண உருவப்படம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பேரிக்காய் மூக்கும், பட்டாணிக்காய் இமைகளும், செஸ்ட்நட் முள்தோல் தாடியும் எவ்வளவு துல்லியமாக அந்த மனிதரைப் பிடித்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

8. கடைசியாகப் பார்க்க வேண்டியது

‘ஒரே தலையில் நான்கு பருவங்கள்’ கண்காட்சியில் இருந்தால், அது எந்த அறையில் இருந்தாலும், கடைசியில் போய்ப் பாருங்கள். சுமார் 60-க்கு 45 செ.மீ. அளவில் பாப்லர் பலகைமேல், 1590-ஐ ஒட்டித் தீட்டியது. மற்றப் படங்களின் பளபளப்பு இதில் இல்லை. முண்டும் முடிச்சுமான பழைய மரக்கட்டை ஒன்று, கண்களுக்கு இரண்டு பொந்துகள். வசந்தத்தின் பூக்கள் மார்பில் கொஞ்சம், கோடையின் செர்ரி காதோரம், இலையுதிர்காலத்தின் ஆப்பிள்களும் திராட்சையும் தலைமேல்.

ஒன்றரை மீட்டரில் நின்று அந்தப் பொந்துகளை முதலில் பாருங்கள். பிறகு தலையிலிருந்து நீளும் கிளைகளைத் தொடருங்கள். அவற்றில் ஒன்றில் மரப்பட்டை உரிந்து உள்மரம் வெளிறித் தெரியும். அரை மீட்டருக்கு வந்து, தேவைப்பட்டால் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, உரிந்த இடத்தைப் படியுங்கள். ஓவியர் தன் பெயரை அங்கே எழுதியிருக்கிறார்.